12 தகரம் வாங்கி 16க்குக் கையெழுத்து

கேள்வி: அக்கா, தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் பல வருசம் இருந்துவிட்டுப் போன வருசம்தான் ஊருக்குத் திரும்பினோம். மாங்குளத்திலிருந்து உள்ளுக்குள் போகிற ஒரு கிராமத்தில் கொட்டில் போட்டு இருக்கிறோம். திரும்பி வந்த குடும்பங்களுக்கு ஒரு நிறுவனம் கூரைத் தகரமும் உலர் உணவும் தருகிறது. எங்கள் சங்கச் செயலாளர்தான் பிரித்துக் கொடுக்கிறார். எனக்குக் கிடைத்தது 12 தகரம். கையெழுத்து வைத்த தாளில் 16 என்று இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். ஏற்றி வந்த செலவு என்று 3,000 ரூபாவும் வாங்கினார். இன்னும் இந்தியாவிலேயே இருக்கிற ஒரு குடும்பத்தின் பெயருக்கு நேரேயும் யாரோ கையெழுத்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் வீட்டுத்திட்டத்தில் பெயர் வெட்டுப்பட்டுவிடுமோ என்று பயம். அவர் எங்களுக்குச் சொந்தமும்கூட. சும்மா விடுவதா, சொல்வதா?
– ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

சொல்லுங்கள். ஆனால் யாரிடம் முதலில் சொல்வது, எதைச் சொல்வது என்று யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய மூன்று விசயமும் ஒரே கனம் உள்ளவை அல்ல.

தகரக் கணக்கில் ஒரு விளக்கம் இருக்கக்கூடும். மிச்சம் நாலும் அடுத்த லொறியில் வரும் என்று அவர் சொல்லலாம். அது உண்மையாகவே இருந்தாலும், வராத தகரத்துக்கு முன்கூட்டியே கையெழுத்து வாங்கியது பிழை. 3,000 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு தந்தாரா? நிவாரணப் பொருளை ஏற்றி இறக்குகிற செலவை நிறுவனம் தன் கணக்கிலேயே போடுவதுதான் வழக்கம். மக்களிடம் ஒரு பங்கு வாங்குவதாக இருந்தால் அதைக் கூட்டம் வைத்து எல்லாருக்கும் சொல்லி, துண்டு எழுதித்தான் வாங்குவார்கள். துண்டில்லாமல் கைக்குக் கை மாறிய காசு நிறுவனத்துக்குப் போயிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எல்லாவற்றிலும் பாரமானது அந்த மூன்றாவது. ஊரில் இல்லாத ஆட்களின் பெயரில் பங்கு எடுப்பது உலகம் முழுக்க அகதி உதவியில் நடக்கிற களவு. உகண்டாவில் 14 இலட்சம் அகதிகள் இருப்பதாகக் கணக்கு இருந்தது. 2018இல் விரல் ரேகையும் கண்ணும் பார்த்துச் சரிபார்த்தபோது ஏறக்குறைய 11 இலட்சம் பேர்தான் தேறினார்கள். அந்த வருசம் அங்கே அதிகாரிகள் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்கள். உங்கள் கிராமத்தில் நடந்திருப்பது சின்ன அளவு, ஆனால் முறை அதேதான்.

இதில் உங்கள் கையில் இருக்கிற பலம் உங்கள் கையெழுத்து. பொருள் ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு நிறுவனத்திடம் வேறு அத்தாட்சி அதிகம் இருக்காது. கொழும்பிலோ வெளிநாட்டிலோ கணக்குப் பார்ப்பவர் அந்தத் தாளைத்தான் பார்ப்பார், அதில் உங்கள் பெயருக்கு நேரே 16 என்று கிடக்கும். இனிமேல் எண்ணிப் பார்த்த பிறகுதான் பேனையைத் தொடுங்கள். எத்தனை கிடைத்ததோ அந்த இலக்கத்தை உங்கள் கையாலேயே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். விடமாட்டோம் என்றால் வைக்காதீர்கள். வெறும் தாளில் ஒருபோதும் வேண்டாம். எழுத வாசிக்கத் தெரியாத வயசுபோன ஆட்களுக்கு, பெருவிரல் வைக்க முதல் யாராவது ஒரு பிள்ளை தாளை வாசித்துக் காட்டட்டும்.

இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எந்தத் திகதி, எந்த இடம், யார் தந்தது, எத்தனை, எவ்வளவு காசு, பக்கத்தில் யார் நின்றது. கண்டதை மட்டும் எழுதுங்கள், கேள்விப்பட்டதை வேறாகக் குறியுங்கள். களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்ப்பதும் ஒளித்துநின்று படம் எடுப்பதும் உங்கள் வேலையில்லை. அது ஆபத்தில் முடியும்.

செயலாளரிடம் தகரத்தைப் பற்றி ஒருதரம் கேட்கலாம், நாலு பேர் நிற்கும்போது, சண்டை இல்லாமல்: "அண்ணை, தாளில 16 எண்டு கிடக்கு, மிச்சம் நாலும் எப்ப வரும்?" சொந்தக்காரர் என்றபடியால் அந்த அளவு மரியாதை அவருக்குப் போதும். இந்தியாவில் இருக்கிற குடும்பத்தின் பெயரை மட்டும் அவரிடம் வாய்திறக்காதீர்கள். அது நேரே நிறுவனத்துக்குப் போகவேண்டியது. முன்னரே தெரிந்தால் தாள் மாறிவிடும்.

நிறுவனத்தின் முறைப்பாட்டு இலக்கம் உணவுப் பொதியிலோ அறிவித்தல் பலகையிலோ இருக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, செயலாளரோடு தினமும் வேலை செய்கிற கள உத்தியோகத்தர் அல்லாத ஒருவரோடு கதைக்கவேண்டும் என்று கேளுங்கள். பெண் உத்தியோகத்தரைக் கேட்பதிலும் பிழையில்லை. வாய்திறக்க முதல், "என்ர பெயரை ஆர் ஆர் பார்ப்பினம்?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மொட்டைக் கடிதமும் போடலாம். திகதி, இடம், எண்ணிக்கை இருந்தால் அதை வைத்தே விசாரிக்க முடியும். "எல்லாரும் கள்ளர்" என்று மட்டும் எழுதினால் கோப்புக்குள் போய்விடும்.

இன்னொன்று. பங்கீடு முடிந்த பிறகு நிறுவனத்திலிருந்து யாராவது தொலைபேசியில் எடுத்தோ வீட்டுக்கு வந்தோ "எல்லாம் கிடைச்சதோ?" என்று கேட்பது உண்டு. வன்னியில் நாங்கள் எத்தனை வருசமாக நிவாரண வரிசையில் நின்றவர்கள். அடுத்தது நின்றுவிடும் என்ற பயத்தில், "ஓம், எல்லாம் கிடைச்சது, நன்றி" என்று சொல்லியே பழகிவிட்டோம். அந்தக் கேள்வி களவைப் பிடிக்கத்தான் கேட்கப்படுகிறது. 12 கிடைத்தால் 12 என்றே சொல்லுங்கள்.

உங்கள் பயம் வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுத்திட்டத்தில் பெயரைப் போடுவதும் எடுப்பதும் சங்கச் செயலாளரின் அதிகாரத்தில் இல்லை. பிரதேச செயலகத்தில் உங்கள் பதிவைச் சரிபார்த்து, பதிவுத் துண்டின் பிரதியை வீட்டில் வையுங்கள். காசு வருகிற வழியும் தெரிந்திருக்கட்டும். முன்னர் இந்திய அரசின் காசில் நடந்த வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாவும் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. இடையில் ஒருவர் கை நீட்டுகிற வேலை அதில் இல்லை. முறைப்பாட்டுக்குப் பிறகு உங்கள் பெயர் வெட்டுப்பட்டால் அதுவே இரண்டாவது முறைப்பாடு. முடிந்தால் தனியாகப் போகாமல், குறைவாகக் கிடைத்த இரண்டு மூன்று பெண்களாகப் போங்கள்.

அரச உத்தியோகத்தர் யாராவது இதில் பங்கு வாங்கினால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லலாம். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் தருபவருக்குப் பாதுகாப்பும் வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பங்கீட்டு விபரத்தைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். பெரும்பகுதி வெளிநாட்டு அரசின் அல்லது சர்வதேச அமைப்பின் காசில் மக்களுக்குச் சேவை செய்கிற தொண்டு நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. அதில் உங்கள் பெயர் வரும், ஆகையால் சின்ன ஊரில் இதை முதல் அடியாக வைக்காதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு வீடுகளில் நடக்கலாம். தகரத்துக்கோ பெயர் சேர்ப்பதற்கோ காசைத் தவிர வேறு எதையாவது ஒருவர் ஒரு பெண்ணிடம் கேட்டால், அது ஐ.நா. 2003இல் எழுத்திலேயே தடைசெய்த குற்றம். அப்படிப்பட்டவரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டாம், நேரே நிறுவனத்தின் மேலிடத்துக்குச் சொல்லவேண்டும். ஐ.நா. அகதிகள் நிறுவனமும் பதிவுக்கோ வெளிநாட்டுக் குடியமர்வுக்கோ ஒரு சதமும் வாங்குவதில்லை. "கனடா அனுப்புறம், கட்டணம் கட்டுங்கோ" என்று வருகிற செய்தி யாருடைய படத்தோடு வந்தாலும் பொய்.

இந்தக் கிழமைக்குள்ளேயே நிறுவனத்தோடு கதையுங்கள். "நான் 16க்குக் கையெழுத்து வைச்சனான், எனக்குக் கிடைச்சது 12" என்பதுதான் உங்கள் முதல் வசனமாக இருக்கட்டும். நீங்களாக முந்திச் சொன்னால் நாளைக்கு அந்தத் தாளைக் காட்டி உங்களையும் கூட்டாளி என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த உலர் உணவுப் பங்கீட்டுக்கு முதல் அவர்கள் வந்து பெயர்களை வீடு வீடாகச் சரிபார்க்கவும் நேரம் இருக்கும்.