போகும்போது ஒன்றரை மணி, வரும்போது ஏழு மணியா?

கேள்வி: அம்மாவுக்கு ஜூலையில் சென்னை போக டிக்கெட் எடுத்தேன். சிங்கப்பூரில் இரவு 7.00க்குக் கிளம்பினால் 8.35க்குச் சென்னை. ஆகஸ்டில் திரும்பும்போது இரவு 11.15க்குக் கிளம்பி காலை 6.05க்குத்தான் சாங்கி. இணையத்தில் பார்த்தால் 2,900 கிலோமீட்டர், 3 மணி 40 நிமிடம் என்கிறது. ஒரே தூரத்துக்கு மூன்று கணக்கா? பயண முகவர் ஏமாற்றுகிறாரா? அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. அதனால்தான் கேட்கிறேன்.
- வாசகி, ஈசூன்

பதில்: முகவர் மேல் பழி போடாதீர்கள். டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். நாம் இந்தியாவை விட இரண்டரை மணி முன்னால் இருக்கிறோம். போகும்போது அதைக் கூட்டுங்கள்: 4 மணி 5 நிமிடம். வரும்போது கழியுங்கள்: 4 மணி 20 நிமிடம். ஒன்றரையும் ஏழும் மறைந்துவிட்டன.

இந்த இரண்டரை மணி முழுவதும் சூரியனால் வந்ததல்ல. தீர்க்கரேகைப்படி பார்த்தால் இந்திய நேரத்துக்கும் நமக்கும் ஒன்றரை மணிகூட வித்தியாசம் வராது. 1981 வரை நம் கடிகாரம் இரண்டு மணிதான் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து இன்னும் அரை மணி தள்ளி வைத்தோம். இங்கே காலை ஏழு மணிக்கு விடிவது அதனால்தான்.

இணையம் சொன்ன 3 மணி 40 நிமிடம் வெறும் வகுத்தல் கணக்கு. மலாக்கா நீரிணை, சுமத்ராவின் வடமுனை, வங்காள விரிகுடா என்று நேர்கோடு போட்டு, அந்தத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்திருக்கிறார்கள். விமானத்தின் நேரம் அது நிற்குமிடத்தை விட்டு நகரும்போதே தொடங்குகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலேறுவது, இறங்குவதற்கு முன் சுற்றுவது எல்லாம் அதில் சேர்த்தி.

போக வர 15 நிமிடம் வேறுபடுவதற்குக் காற்றும் ஒரு காரணம். ஜூலை, ஆகஸ்டில் தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, மேலே விமானம் பறக்கும் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. அதன் உச்ச வேகம் இன்னும் மேலே இருக்கிறது. இந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1950களில் விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். உங்கள் அம்மாவைச் சென்னை நோக்கித் தள்ளிவிடும் அதே காற்று, திரும்பும்போது எதிரே நிற்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: மாத்திரையை எந்த மணிக்குப் போடுவது? சென்னையில் இறங்கும்போது அங்கே 8.35. அம்மாவின் உடம்புக்கு 11.05. அந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து, “இன்னும் ராத்திரிச் சாப்பாட்டு நேரம்தானே” என்று இருந்துவிட்டால், சாப்பாடும் மாத்திரையும் இரண்டரை மணி தள்ளிப்போகும். விமானத்தில் சாப்பாடு கொடுப்பார்களா என்று இப்போதே விசாரியுங்கள். மருத்துவரிடம் டிக்கெட்டைக் காட்டி, எப்போது சாப்பாடு, எப்போது மாத்திரை என்று கேட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் சிங்கப்பூர் நேரம், சென்னை நேரம் இரண்டையும் எழுதி மருந்துப் பையிலேயே வையுங்கள். இன்சுலின் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

திரும்பி வரும்போது காலை 6.05 என்பது, சில வாரம் சென்னையில் இருந்துவிட்டு வரும் அவருக்கு விடிகாலை 3.35. சாங்கியிலேயே பசியாற உட்கார வைக்காதீர்கள். நேரே வீட்டுக்கு அழைத்துப்போய்த் தூங்க விடுங்கள்.