மடத்தடி வாத்தியார் பதில்கள்: மண்டபம் போகிற பிள்ளைகள்

திருகோணமலையில் ஒரு பாடசாலை தன் உயர்தர மாணவர்களைத் தமிழ்நாட்டுக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போகிறது. வறுமை, குடிபெயர்வு இரண்டையும் நேரில் பார்த்துப் படிக்க வேண்டுமாம். ராமேஸ்வரம், மண்டபம், பிறகு நீலகிரியில் கோத்தகிரி. செய்தி பரவியதும் எனக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். மற்றக் கேள்விகள் அடுத்த இதழ் வரை பொறுக்கட்டும். பல்வலிக்குக் கைவைத்தியம் கேட்ட அன்பர் மட்டும் பொறுக்காமல் இன்றைக்கே டாக்டரிடம் போகவும்.

என் மகளும் போகிறவர்களில் ஒருத்தி. வறுமையைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டுமா? மூதூர் பஸ்ஸில் ஏறினால் போதாதா?
ஒரு தந்தை, உவர்மலை

ஐயா, வறுமைக்கு மூதூர் பஸ் போதும். குடிபெயர்வுக்குப் போதாது. சனம் புறப்படுவதை நாங்கள் இங்கே வேண்டிய மட்டும் பார்த்துவிட்டோம். 1990இல் பார்த்தோம், 2006இலும் பார்த்தோம். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுநாள் காலையில் யார் வந்து பெயர் எழுதினார்கள், எந்த வரிசையில் நின்றார்கள், இருபது வருடம் கழித்து அவர்களின் பிள்ளைக்கு என்ன வேலை கிடைத்தது என்பதையெல்லாம் இந்தக் கரையில் நின்று படிக்க முடியாது.

மண்டபத்தைத் தெரிவு செய்த ஆசிரியர் யாரோ, விஷயம் தெரிந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை மறித்து வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றிய முகாம் அது. தோட்டத் தொழிலாளரை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதே தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி அதே மண்டபத்துக்குத்தான் வந்தார்கள். 1983க்குப் பிறகு எங்கள் சனம் அகதிகளாக வந்தது. 2022இல் பால்மாவும் எரிவாயுவும் கண்ணுக்குத் தெரியாமல் போனபோது மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் படகேறியவர்களையும் தனுஷ்கோடி மணல்திட்டிலிருந்து அங்கேதான் கொண்டுபோனார்கள். இவ்வளவு கதையும் ஒரே வளவுக்குள் கிடக்கிறது. பிள்ளையை அனுப்புங்கள்.

ஆனால் நகையை அடைவு வைத்து அனுப்ப வேண்டாம். அதோடு அதிபரிடம் ஒன்று கேளுங்கள்: காசு கட்ட வழியில்லாமல் வகுப்பில் மிஞ்சப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்? வறுமையைப் படிக்கிற பயணத்துக்கு ஏழைப் பிள்ளை போக முடியவில்லை என்றால் அதைவிடப் பெரிய பகிடி இல்லை. பழைய மாணவர்கள் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். மைதானத்துக்கு மதில் கட்டக் காசு அனுப்புகிறவர்கள், கேட்டால் இதற்கும் அனுப்புவார்கள்.

நானும் மாணவரோடு போகிறேன். முகாமுக்குள் விடுவார்களா? பிள்ளைகளை எப்படி ஆயத்தம் செய்வது?
ஆசிரியை, கிண்ணியா

ரீச்சர், சும்மா போய் வாசலில் நின்றால் விடமாட்டார்கள். வெளியார் உள்ளே போக அரச அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவருக்கு அது இன்னும் கஷ்டம். நேரே அங்கே போவதைவிட, எஸ். சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகளுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். முகாமில் வளர்ந்து பட்டம் பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளியே ஓரிடத்தில் அவர்களோடு ஒரு பின்னேரம் உட்கார்ந்து கதைத்தாலே பிள்ளைகளுக்கு நிறையக் கிடைக்கும்.

ஆயத்தத்தை மூதூரிலிருந்து தொடங்குங்கள். ரிசானா நபீக்கைப் பற்றி உங்கள் மாணவருக்குத் தெரியுமா? தெரியும் என்பார்கள், பாதிதான் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளை பிறந்தது 1988இல். 2005இல் வீட்டு வேலைக்கென்று சவூதிக்குப் போனபோது கையிலிருந்த கடவுச்சீட்டில் பிறந்த வருடம் 1982. போய்ச் சில வாரங்களில், அவளிடம் விட்டிருந்த கைக்குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்று அவள் சொன்னாள், கொலை என்று வழக்கு. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். பதினெட்டு வயதுக்கு முன் நடந்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்பது உலக ஒப்பந்தம். ஆனால் தாளில் அவளுக்கு இருபத்து மூன்று வயது.

இதை அழுதழுது படிப்பிக்க வேண்டாம். இரண்டு வருடங்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். யார் மாற்றினார், யாருக்கு லாபம், அந்த வீட்டில் ஏன் அவ்வளவு அவசரம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

அதற்குக் கீழே இன்னொரு திகதி: 1987 ஜூலை 1. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி அதற்கு முதல் நாள் வரை அந்த மண்ணில் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே இந்தியர். அந்த நாளிலிருந்து பிறந்தால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரோடு அதையும் இன்னும் இறுக்கிவிட்டார்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்தத் திகதியைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனார். அவருக்குக் கடவுச்சீட்டு கொடுக்கும்படி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 பொதுத் தேர்தலில் வாக்கும் போட்டார். அவருக்கு ஒரு தம்பியோ தங்கையோ இரண்டு வருடம் பிந்தி அதே முகாமில் பிறந்திருந்தால்? இந்தக் கேள்வியை வகுப்பில் விட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள், ரீச்சர். ஒரு பாட நேரம் தானாக ஓடும்.

இந்தியாவும் இலங்கையும் 1951 அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடாத நாடுகள் என்பதையும் சொல்லிவையுங்கள். அங்கே போய் 'இவர்களுக்கு ஏன் இதைக் கொடுக்கவில்லை' என்று கோபப்படுகிற பிள்ளைக்கு, தன் நாடும் அப்படித்தான் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே உள்ளவர்களிடம் என்ன கேட்கலாம்? படம் எடுக்கலாமா?
மாணவன், நிலாவெளி

தம்பி, படம் வேண்டாம். கூரையையும் கொடியில் காய்கிற உடுப்பையும் எடுத்து வந்து இங்கே காட்டினால், கஷ்டம் என்று நாங்கள் தலையாட்டுவோம். அவ்வளவுதான்.

'எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்காதே. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? அவசரத்துக்குக் கடன் வாங்கினால் வட்டி எவ்வளவு? வெளியூர் வேலைக்குப் போய் இரவு தங்க வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? எந்தத் தாள் இன்னும் கைக்கு வரவில்லை? இப்படிக் கேள். கணக்கும் போட்டுப் பார். 2021இல் தமிழக அரசு மாத உதவித்தொகையைக் கூட்டியது: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவருக்கு 1,000, சிறு பிள்ளைக்கு 500. தாய், தகப்பன், இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் மொத்தம் எவ்வளவு? ரேஷன் அரிசி வேறு வருகிறது, சரி. மிச்சத்துக்கு அந்தத் தகப்பன் என்ன செய்கிறார் என்று கேள். பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று அனேகமாகச் சொல்வார்.

என் சித்தியின் மகள் திருச்சிப் பக்கத்து முகாமில் இருந்தாள். நான் அவளைச் சந்தித்தது வெளியே ஒரு தேநீர்க்கடையில். மடியில் ஒரு பொலித்தீன் பை, தேநீர் குடிக்கும்போதும் அதைக் கீழே வைக்கவில்லை. திருகோணமலைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) முத்திரையோடு அவளுடைய பிறப்புச் சான்றிதழ். மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுநாடா மஞ்சளாகிப் போயிருந்தது. முகாம் அட்டை, மகனின் பொறியியல் பட்டச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு போட்டோ பிரதி. பட்டம் பெற்ற மகன் அன்றைக்கு எங்கேயோ சுவருக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தான். நான் ஒரு கேள்வி கேட்பதற்குள் அவள் நாலு கேட்டுவிட்டாள்: "அண்ணா, மடத்தடிச் சந்தியில அந்தப் புட்டுக்கடை இருக்கா? எங்கட கிணத்தை மூடிட்டாங்களா? அந்தக் காணியில இப்ப ஆர்?"

உன்னிடமும் கேட்பார்கள். திருகோணமலை ஆட்கள் அங்கே கனபேர். அரிசி விலை, கிண்ணியாப் பாலம், சம்பூரில் எந்தக் காணி விடுபட்டது, எது இன்னும் விடுபடவில்லை என்று கேட்டால் முழிக்காதே. விசாரித்துக்கொண்டு போ.

பழைய உடுப்புகள் சேர்த்துக் கொடுத்தனுப்பலாமா?
ஒரு தாய், திருக்கடலூர்

வேண்டாம் அம்மா. வறுத்த தூள் ஒரு பைக்கட், நல்ல தேயிலை ஒரு பைக்கட். விருந்துக்குப் போகிற வீட்டுக்கு எதைக் கொண்டுபோவோமோ அதுதான்.

நான் முகாமில் பிறந்து, பெற்றோரோடு திரும்பி வந்தவள். எங்களைப் பார்க்கவும் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். வரிசையாக நிற்கவைத்து பிஸ்கட் தந்து படம் எடுப்பார்கள். பிஸ்கட்டின் ருசி நினைவில்லை, ஒரு அக்காவின் சிவப்புச் செருப்புத்தான் நினைவிருக்கிறது. இந்தச் சுற்றுலா யாருக்கு?
ஒரு வாசகி, சம்பூர்

தங்கச்சி, போகிற பிள்ளைகளுக்குத்தான். அங்கே இருக்கிறவர்களுக்கு இதனால் ஒரு தாளும் கிடைக்கப் போவதில்லை. பாடசாலை அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டால் பாதி அசிங்கம் குறையும்.

உங்கள் கடிதத்தைப் பெயர் இல்லாமல் அந்த அதிபருக்குப் படித்துக் காட்டினேன். புறப்படுவதற்கு முன் மாணவரோடு கதைக்க உங்களை அழைக்கலாமா என்று கேட்கிறார். பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் தந்தால் வருவார், சும்மா கூப்பிட்டால் வரமாட்டார் என்று உங்களைக் கேளாமலே சொல்லிவிட்டேன். வகுப்பறையில் நின்று கதை சொல்வதும் வேலைதானே, அந்த வேலைக்கு நானே முப்பது வருடமாகச் சம்பளம் வாங்கினேன். போகப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. போவதென்றால், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு இங்கே வந்து எந்த வகுப்பில் உட்கார வைத்தார்கள், இந்தியப் பிறப்புச் சான்றிதழை வைத்து இலங்கைக் குடியுரிமை எடுக்க எந்தெந்தக் கந்தோர் ஏறினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். திரும்பி வந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

நாங்கள் மலையகத்து ஆட்கள். 77 கலவரத்துக்குப் பிறகு நான் இந்தப் பக்கம் வந்தேன். அதற்கு முன்னமே அக்கா குடும்பம் ஒப்பந்தத்தில் இந்தியா போய்விட்டது. கோத்தகிரி என்று ஒரு கடிதம் வந்தது, அப்புறம் இல்லை. போகிற பிள்ளைகளிடம் கடிதம் கொடுக்கலாமா?
ஒரு பாட்டி, கந்தளாய்

கொடுங்கள் அம்மா. 1964இல் டில்லியில் இருந்தவரும் கொழும்பில் இருந்தவரும் ஐந்தே கால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பிரித்தபோது, உங்கள் அக்காவையும் உங்களையும் யாரும் கேட்கவில்லை. போனவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. அந்தத் தோட்டங்களை நடத்துகிற 'டான்டீ' நிறுவனம் என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். கூடலூர், குன்னூர், கோத்தகிரி எல்லா இடத்திலும் நம் தோட்டங்களிலிருந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

கிடைப்பார் என்று நான் வாக்குத் தரமாட்டேன். தேடுவதற்கு உதவியாக, கடிதத்தின் மேலே அக்காவின் பெயரோடு, அவர் இங்கிருந்து போன தோட்டத்தின் பெயர், டிவிஷன், கணக்கப்பிள்ளை யார், கப்பலேறிய வருடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். தகப்பன் பெயரைவிடத் தோட்டப் பெயர் சொன்னால் அந்த வயது ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். உங்கள் பேரனின் போன் நம்பரையும் போடுங்கள். உறையை ஒட்டாமல் கொடுங்கள், விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்டால் பிள்ளைக்குத் திறந்து காட்டத் தெரிய வேண்டும்.