இரண்டு நாடுகள் ஒரே மழைநீர் வடிகாலைப் பகிர்வது என்றால் என்ன? பழையதானால் ஏன் சரிசெய்வது கஷ்டம்?

எல்லையின் இருபுறத்து மழையும் ஒரே வாய்க்காலில் வடிந்தால் அது பகிர்ந்த வடிகால். தண்ணீர் சரிவைத்தான் பார்க்கும், எல்லைக்கோட்டை அல்ல. மெக்சிகோவில் நோகாலெஸ், ஒட்டினாற்போல் அமெரிக்காவில் இன்னொரு நோகாலெஸ். மெக்சிகோ பக்கம் மேடு. மழைநீர் 1930களில் கட்டிய சுரங்க வடிகால் வழியே வடக்கே போகிறது.

எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பங்காளி வீட்டை நினைத்துப் பாருங்கள். நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் ஒரே வளவில் (நடு முற்றத்தில்) விழுந்து ஒரே வடிகாலில் வெளியேறும். அது இடிந்தால் ஒருவர் மட்டும் செலவழித்துப் பயனில்லை. எல்லாரும் ஒத்துவர வேண்டும், அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். நாடுகளுக்கும் இதே பாடுதான்.

பள்ளத்தில் இருப்பவருக்கே ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 2008 ஜூலையில் அமெரிக்கத் தரப்பு சுரங்கத்துக்குள் எழுப்பிய தடுப்பு தண்ணீரை மறித்ததில், மேட்டிலிருந்த மெக்சிகோ பக்கத் தெருக்கள் மூழ்கின.