கானமயிலின் புல்வெளி: வாசகர் கேள்வி – பதில்

கானமயில் (மயில் அன்று; ஆங்கிலத்தில் ‘கிரேட் இந்தியன் பஸ்டர்ட்’ எனப்படும் பெரிய புல்வெளிப் பறவை) வாழும், ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் பாலைவனத் தேசியப் பூங்காவைப் பற்றிச் சென்ற இதழில் இப்பக்கத்தில் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தேன். குளிர்காலத்தில் அங்குச் செல்ல எண்ணும் வாசகர்கள் அதைத் தொடர்ந்து எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை விடையளிக்கிறேன்.

ஜனவரியில் ஜெய்சல்மேர் செல்கிறோம். கோட்டையைப் பார்த்துவிட்டு, மாலையில் சம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி செய்வதாகத் திட்டம். அதுவே தேசியப் பூங்காவைப் பார்த்ததாகிவிடுமா? தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

ஆகிவிடாது. ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள சம் மணல்மேடு அழகானதுதான் என்றாலும், அங்கு மாலை வேளையில் கூடும் ஒட்டகங்களுக்கும் ஜீப்புகளுக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் நடுவே எந்தக் காட்டுயிரும் தலைகாட்டப்போவதில்லை. பூங்காவின் மொத்தப் பரப்பு 3,162 சதுர கி.மீ.; அதில் மணல்மேடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் பாறைத் தரை, சரளைக்கல் வெளி, புதர்க்காடு, இவற்றுக்கிடையே முழங்காலளவு வளரும் சேவண் புல் ஆகியவையே. பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் மணலை மட்டுமே எண்ணிக்கொள்வதால், இந்தப் புல்வெளியை வண்டியின் கண்ணாடி வழியே ‘வெறும் பொட்டல்’ என்று கடந்து போய்விடுகிறோம். பூங்காவின் உயிர்நாடி அந்தப் பொட்டலில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு முழு நாளை, முடிந்தால் இரண்டு காலைப் பொழுதுகளை, சுதாசரி என்ற பகுதிக்கென ஒதுக்குங்கள். அங்கு வனத்துறை வேலியிட்டுக் காக்கும் புல்வெளி உள்ளது. ஜெய்சல்மேரிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் முந்தைய நாளே அனுமதி பற்றிக் கேட்டறிந்து, அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் பொழுது விடியும்போது அங்கிருப்பதே நல்லது. முதன்முறை சென்றபோது விடுதியில் காலை உணவை முடித்துக்கொண்டு பத்து மணிக்குச் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தேன். கானல் அலையடித்ததைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. மறுநாள் அதே இடத்தில், சூரியன் எழுந்த ஒரு மணி நேரத்திற்குள் சிங்காரா மான்களின் கூட்டத்தையும், எதையும் பொருட்படுத்தாமல் வளையருகே வெயில் காய்ந்துகொண்டிருந்த பாலைவன நரி ஒன்றையும் கண்டேன். வாலின் நுனி வெள்ளையாக இருந்தால் அது பாலைவன நரி. கறுப்பாக இருந்தால் நம் ஊர்ப்பக்கமும் காணப்படும் குள்ளநரி.

ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயரில் தேசியப் பூங்கா என்றிருந்தாலும், இது 1980-இல் காட்டுயிர்ச் சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டது. உள்ளே பல சிற்றூர்கள் இருக்கின்றன, ஆடுமாடுகள் மேய்கின்றன, பேருந்து ஓடுகிறது. பெரிய வாயிற்கதவைத் தேடி ஏமாறாதீர்கள்.

எந்த மாதத்தில் செல்லலாம்? வழி எப்படி?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் ஏறத்தாழ உறைநிலையைத் தொடும் என்பதால், பாலைவனத்துக்குத்தானே என்று பருத்திச் சட்டைகளோடு கிளம்பிவிட வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்திற்கு நேரடி ரயில்கள் உள்ளன. அங்கிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கி.மீ.

கானமயிலைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அங்குச் சென்றால் கட்டாயம் காணலாமா? அது ஏன் இவ்வளவு அருகிப்போயிற்று?
– கல்லூரி மாணவி, மதுரை

கட்டாயம் என்று யாரேனும் வாக்குக் கொடுத்தால் அவரை நம்பாதீர்கள். உலகம் முழுவதிலும் இயற்கைச் சூழலில் எஞ்சியிருக்கும் கானமயில்கள் 150-க்கும் குறைவு என்றே மதிப்பிடப்படுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் வட்டாரத்தில்தான் வாழ்கின்றன. எனவே உலகிலேயே அதைக் காணும் வாய்ப்பு மிகுந்த இடம் இதுதான் என்றாலும், மூன்று முறை சென்ற எனக்கு ஒரே ஒரு முறைதான் காட்சி கிடைத்தது. அதுவும் வெகு தொலைவில், புல்லுக்கு மேலே ஒரு வெண்கழுத்தும், அதன்மேல் கறுப்புக் கொண்டையும் மெல்ல நகர்ந்து போவதை இருகண்நோக்கியில் கண்டதுதான்.

ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும், ஆண் பறவையாயின் 15 கிலோ வரை எடையும் உடைய கானமயில், பறக்கும் பறவைகளில் மிகுந்த எடை கொண்டவற்றுள் ஒன்று. உள்ளூரில் இதை ‘கோடாவண்’ என்பார்கள். ராஜஸ்தானின் மாநிலப் பறவையும் இதுவே. ஒரு காலத்தில் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் வாழ்ந்து, பின்னர் நம்மிடமிருந்து அற்றுப்போன பறவை இது என்பதால், நமக்கு இதன்மேல் கூடுதல் உரிமையும், கூடுதல் குற்ற உணர்வும் இருக்கலாம்.

அருகியதற்குக் காரணங்கள் பல. முதலில் வேட்டை. அடுத்து, கால்வாய்ப் பாசனம் வந்து புல்வெளிகள் வயல்களாக மாறியது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையை, கூடு எதுவும் கட்டாமல் தரையிலேயே இடும் பறவை இது. அந்த ஒற்றை முட்டையும் நாய்க்கோ நரிக்கோ இரையாகிவிட்டால் அந்த ஆண்டு வீணாகிவிடும். அண்மைக் காலத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்தாகியிருப்பவை மின்கம்பிகள். கானமயிலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் முன்னால் இருப்பது அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. உடல் கனமானதாகையால், கடைசி நொடியில் கம்பியைக் கண்டுகொண்டாலும் திசை திருப்ப இயலுவதில்லை. சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்திற்காக நடப்பட்ட கோபுரங்களும் கம்பிகளும் அதே புல்வெளியின் குறுக்கே செல்வது இதன் துயரமான முரண். கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளை நிலத்தடியில் கொண்டுசெல்லுமாறு உச்ச நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டது. 2024-இல் அவ்வாணையைத் திருத்தி, இதனை ஆராய ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. நெடுஞ்சாலையில் செல்லும்போது கம்பிகளில் சிறு தட்டுகள் தொங்குவதைக் காண்பீர்கள். பறவைகள் தொலைவிலேயே கம்பியை உணர்ந்து விலக வேண்டும் என்பதற்காக மாட்டப்பட்டவை அவை.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. காட்டிலிருந்து எடுத்துவரப்பட்ட முட்டைகளைப் பொரிக்கச் செய்து வளர்க்கும் பணி 2019-இல் சம் பகுதியிலுள்ள இனப்பெருக்க மையத்தில் தொடங்கியது. 2024-இல், ராம்தேவ்ராவிலுள்ள மற்றோர் இனப்பெருக்க மையத்திலிருந்த ஆண் பறவையின் விந்தணுவைச் சம் மையத்திற்குக் கொண்டுவந்து, செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு குஞ்சு பிறக்கச் செய்தார்கள். இம்மையங்கள் பார்வையாளர்களுக்கானவை அல்ல. உள்ளே விடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

பறவைகளைப் படமெடுப்பவன் நான். எவ்வளவு நெருங்கலாம்? பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கச் செய்து வரவழைக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வரவழைக்கக் கூடாது, டிரோனும் பறக்கவிடக் கூடாது. கானமயில் தலையை உயர்த்தி உங்களைப் பார்த்துவிட்டதென்றால், நீங்கள் ஏற்கெனவே வேண்டிய அளவுக்குமேல் நெருங்கிவிட்டீர்கள். வழித்தடத்தை விட்டு வண்டியைப் புல்லுக்குள் இறக்கும்படி ஓட்டுநரிடம் கூடுதல் பணம் நீட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன்; சக்கரத்தின் அடியில் முட்டை இருக்கிறதா என்று அவர்களுக்கும் தெரியாது, ஓட்டுநருக்கும் தெரியாது. கானமயில் கிடைக்காவிட்டால் கழுகுகளிடம் திரும்புங்கள். இறந்த கால்நடைகளைப் போடும் இடங்களில் குளிர்காலத்தில் பல வகைப் பாறுக் கழுகுகள் ஒன்றாகக் கூடுகின்றன. நாற்றத்தைப் பொறுத்துக்கொள்பவருக்கு அதைவிட நல்ல படம் வேறெங்கும் அமையாது.

எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். தொலைவில் தெரியும் பறவைக்காக மணிக்கணக்கில் காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இராது. அவர்களுக்கு என்ன காட்டலாம்?
– ஒரு தாய், புதுச்சேரி

தரையைக் காட்டுங்கள். குரி என்ற சிற்றூரை ஒட்டியுள்ள மணல்மேடுகள், சம் அளவுக்குக் கூட்டமில்லாதவை. காற்று கலைப்பதற்கு முன், காலையில் அங்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், இரவு நடந்ததெல்லாம் மணலில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். தையல் போட்டதுபோல் செல்வது வண்டின் தடம். இருபுறம் விரல்களும் நடுவே வாலின் கோடுமாக இருப்பது பல்லி. ஒரே நேர்கோட்டில் அளந்து வைத்ததுபோல் போவது நரி. ஒரு தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடச் சொல்லுங்கள்; அதன் பிறகு அவர்களைக் கிளப்புவதுதான் உங்களுக்குப் பாடாக இருக்கும். கெட்டியான தரையில் கை நுழையும் அளவு வளைகளைக் கண்டால், அவை பெரும்பாலும் இலைதழைகளைத் தின்று வாழும் முள்வால் பல்லியினுடையவை. குளிர்காலத்தில் அது உள்ளே உறங்கிக் கிடக்கும். வளைக்குள் கையையோ குச்சியையோ விடக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறிதொரு நாள், ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் செல்லும் சாலையில் சுமார் 17 கி.மீ. தொலைவிலுள்ள ஆகல் கல்மரப் பூங்காவிற்குச் செல்லலாம். இன்று நிழலுக்கு ஒரு மரம் கிடைக்காத அந்த இடத்தில், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓங்கி நின்ற மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஜெய்சல்மேர்ப் பகுதிப் பாறைகளில் கிடைத்த, 16.7 கோடி ஆண்டுகள் பழமையான டைனோசர் ஒன்றுக்குத் தார் பாலைவனத்தின் பெயரால் ‘தாரோசாரஸ்’ என்று 2023-இல் பெயரிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பதினொரு வயதுப் பிள்ளை மற்றதை மறந்தாலும் இதை மறக்காது.

இரவில் வானம். அமாவாசையை ஒட்டிய நாள்களாகப் பார்த்து, விளக்கொளியும் ஆட்டபாட்டமும் மிகுந்த கூடாரங்களைத் தவிர்த்துத் தங்கினால், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தையும் திருவாதிரையின் செந்நிறத்தையும் நாட்காட்டியில் பெயராக மட்டும் அறிந்த பிள்ளைகள் நேரில் காண்பார்கள்.

பாம்புகள் மிகுதி என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

நம் ஊரிலும் உள்ள சுருட்டை விரியன் அங்கு உண்டு. குளிர்காலத்தில் அதன் நடமாட்டம் குறைவு. இருட்டில் கைவிளக்கின்றி நடக்க வேண்டாம். காலணிகளை உதறிவிட்டு அணியுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து வரும் என் தங்கை குடும்பத்தாரும் உடன் வருகிறார்கள். அவர்களுக்கு ஏதேனும் தடை உண்டா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
– இல்லத்தரசி, காரைக்குடி

பன்னாட்டு எல்லை அருகிலிருப்பதால், வழக்கமான சுற்றுலா இடங்களைத் தாண்டி எல்லைப் பக்கம் செல்ல வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலக அனுமதி தேவை. சுதாசரிக்கு அவர்களை அழைத்துச் செல்வதாயின், அனுமதி பற்றி ஜெய்சல்மேரிலேயே கேட்டுத் தெளிந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். கம்பு ரொட்டியும், ‘கேர் சாங்ரி’ என்ற கறியும், மோரும் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். கேர் என்பது முட்புதர் ஒன்றின் சிறு காய். சாங்ரி என்பது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி மரத்தின் நெற்று. மழை பொய்த்த ஆண்டுகளிலும் காய்ப்பது வன்னி என்பதால், இரண்டையும் வெயிலில் உலர்த்தி ஆண்டு முழுவதற்கும் சேமித்து வைப்பது அங்குள்ள வழக்கம். காரம் செட்டிநாட்டு நாக்குக்குப் போதாமல் இருக்கலாம்; பொடி டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். குடிநீரை மட்டும் ஜெய்சல்மேரிலேயே ஆளுக்கு மூன்று லிட்டர் வீதம் வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டருகே நிலத்தடித் தொட்டியில் மழைநீரைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், கேட்டால் இல்லையென்று சொல்லாமல் மொண்டு தருவார்கள். ஆனால் அது அடுத்த மழை வரை அவர்களுக்கு வேண்டிய நீர்.