கிடேரி வளர்க்க எவ்வளவு ஆகும்? கேள்வி பதில்

மாதவரம், மணலி, செங்குன்றம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் கிடேரி, அதாவது இன்னும் ஈனாத பெண் கன்று, வளர்ப்பது பற்றிக் கேட்டவை இவை. நோய்க்கு மருந்து கேட்காதீர்கள். அதற்கு டாக்டர் இருக்கிறார்.

புழல்: அண்ணே, ஜெர்சி கலப்புக் கிடேரியைப் பிறந்ததிலிருந்து முதல் ஈற்று வரை வளர்க்க என்ன செலவாகும்?

கணக்குப் போடும் வழியைச் சொல்கிறேன். விலையை மட்டும் உங்கள் ஊர் விலையாக மாற்றிக்கொள்ளுங்கள். 28 மாதத்தில் ஈனுகிறது என்று வைப்போம்.

முதலில் பால். முதல் மாதம் தினம் 3 லிட்டர், அடுத்த மாதம் 2, மூன்றாவது மாதம் 1 என்று கொடுத்தால் 180 லிட்டர். வீட்டு வாசலில் 50 ரூபாய்க்கு விற்பவருக்கு அது 9,000. கன்று குடிக்கும் பால் இலவசம் இல்லை, தயவுசெய்து எழுதுங்கள். மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை தினம் ஒரு கிலோ தீவனம், கிலோ 30 என்றால் 2,700. அந்த வயதில் தின்னும் கொஞ்சநஞ்சப் புல்லை விட்டுவிடலாம்.

அதற்கப்புறம்தான் பெரிய செலவு. சராசரியாக அடர்தீவனம் 2 கிலோ (60 ரூபாய்), பசும்புல் 10 கிலோ (30), வைக்கோல் 3 கிலோ (24). ஒரு நாளைக்கு 114. இது 22 மாதம், 660 நாளுக்கு 75,240. பிறந்த கன்றின் விலை 4,000, ஊசி மருந்து, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) எல்லாம் 3,000 என்று சேர்த்தால் 94,000 நெருக்கி வரும். இதில் உங்கள் உழைப்பு, கொட்டகை, வட்டி எதுவும் இல்லை.

செத்ததையும் சேர்க்க வேண்டும். ஐந்து கன்றில் ஒன்று 30,000 தின்றுவிட்டுச் செத்தால், மிச்ச நான்கின் தலையிலும் 7,500 ஏறும்.

மாதவரம் பால் பண்ணை: செலவைக் குறைக்கத் தீவனத்தைக் குறைக்கலாமா?

கூடாது. நாளைக் குறையுங்கள். மேலே சொன்ன 114 ரூபாய் தினமும் ஓடுகிறது. கிடேரி சினைப் பருவத்துக்கு வந்ததைக் கவனிக்காமல் ஒருமுறை விட்டால் அடுத்த பருவம் வர 21 நாள் போச்சு, அதாவது 2,394 ரூபாய். வயிற்றைக் காயப்போட்டால் எடை ஏறாது, பருவமும் தள்ளிப்போகும். தினம் 20 ரூபாய் மிச்சம் பிடித்து நான்கு மாதம் தாமதமானால் யாருக்கு லாபம்?

மணலி: எப்போது சினை ஊசி போடணும்? வயதா, எடையா?

எடை. ஜெர்சி கலப்புக்கு 200 கிலோவுக்கு மேல், எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்புக்கு 250 வாக்கில். தராசு வேண்டாம், டேப் போதும். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள் முனையிலிருந்து பின்னெலும்பு முனை (வாலடியில் துருத்தும் எலும்பு) வரையிலான அங்குல நீளத்தால் பெருக்கி 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 56, நீளம் 46 என்றால் சுமார் 218 கிலோ.

மாத்தூர்: சார், ஒரு கிடேரிக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?

முதல் பதில்.

எண்ணூர்: இரட்டையில் காளைக் கன்றோடு பிறந்த கிடேரி. வளர்க்கலாமா?

பெரும்பாலும் மலடாகத்தான் இருக்கும். டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அவர் சொல்லும்வரை காசைக் கொட்டாதீர்கள்.

கொடுங்கையூர்: தெருவில் விட்டால் தீவனச் செலவு பாதியாகும். இதைச் சொல்லவே இல்லையே?

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. தெருவில் தின்பது புல் இல்லை, பிளாஸ்டிக் பை. இரைப்பையில் அது கட்டியாக நிற்கும், தின்றது ஒட்டாது. மாநகராட்சி வண்டி பிடித்தால் அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். அதையும் செலவில் எழுதினால் உங்கள் பாதி எங்கே போனதென்று தெரியும்.

திருவொற்றியூர்: இடமில்லாதவன் எங்கே கட்டுவான் சார்? எங்க தாத்தா காலத்துல மேய்ச்சல் நிலம் இருந்துச்சு. இப்ப கன்டெய்னர் லாரிதான் நிக்குது.

நியாயம்தான், நிலம் போனது மாட்டுக்காரர் குற்றமில்லை. ஆனால் இடமில்லாத இடத்தில் கன்று எதற்கு? கறவையை மட்டும் கட்டுங்கள், கன்றைப் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் நிலமுள்ளவரிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடுங்கள். ஈன்றதும் விலையில் பங்கு. பங்கு என்ன என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

வியாசர்பாடி: வாரத்துக்கு விட்டால் ஏமாற்றுவார்கள். அதற்குச் சினைக் கிடேரியாக வாங்கிவிடலாமே?

நல்ல கேள்வி, இத்தனை நேரம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் போட்ட செலவைவிடச் சந்தை விலை குறைவாக இருந்தால் வாங்குவதே சரி. ஆனால் வாங்கும்போது தாயின் கறவை தெரியாது, நோயும் கூட வரலாம். சினை உறுதியானதா என்று டாக்டரை வைத்துப் பாருங்கள். வீட்டுக் கன்றுக்கு நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி போட்டிருப்பீர்கள். வாங்கியதற்குப் போட்டார்களா என்று கேளுங்கள்.

திருவொற்றியூர் (மறுபடி): ராத்திரியில் மட்டும் தெருவில் விட்டால்?

இல்லை.

செங்குன்றம்: கன்று கழிகிறது, என்ன கொடுக்கலாம்?

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இன்றே கொண்டுபோங்கள். இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

பெரம்பூர்: சார், சிம்பிளா ஒரு ரேட் சொல்லுங்க.

மூன்றாவது ஆள் நீங்கள். முதல் பதிலில் இருக்கிறது. கன்று குடித்த பாலையும் கூட்டிவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள்.