அம்மம்மா சொல்றதில பாதி மெய்

தம்பி, அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்றதும் பாணையும் குளிசையையும் சேர்த்தே நிறுத்தி, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பச் சொல்லி அம்மம்மா நிற்கிறா என்று எழுதியிருந்தீங்க. பாணை நிறுத்தலாம். குளிசையில கை வைக்காதீங்க.

தவிடு போகாத சிவப்பரிசியிலும் குரக்கனிலும் நார்ச்சத்துக் கூட, அது சரி. ஆனால் குரக்கனும் மாச்சத்துத்தான். குரக்கன் புட்டைச் சர்க்கரை, வாழைப்பழத்தோடு குழைச்சு வயிறு நிறையத் தின்றால் சீனி ஏறத்தான் செய்யும். பீங்கானில பாதி கீரை, மரக்கறி, கால்வாசி வாவி மீன், மிச்சக் காலில சோறோ புட்டோ வைங்க. சோற்றைக் குறைக்கிறதைக் கிளினிக்கில சொல்லிட்டுச் செய்யுங்க. சில குளிசைகளுக்குச் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும்.

அந்தச் சாப்பாட்டைத் தின்ற அந்தக் காலத்து ஆட்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயலில விடியத் தொடங்கி வேலை செய்தவங்க. அம்மா பகல் முழுக்கத் தையல் மெஷினில என்கிறீங்க. பின்னேரம் அரை மணித்தியாலம் நடக்க வைங்க.

பிரஷரும் இருக்கிறதால கருவாட்டைக் குறைக்கணும். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பென்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு துண்டுக் கருவாடே அதில நல்ல பங்கைத் தின்றுவிடும். முதல்ல தேத்தண்ணிச் சீனியை நிறுத்துங்க. அதைப் பற்றி அம்மம்மா வாயே திறக்கல்லையே!