பதில்: 23 வயதில் தம்பிக்குக் குடல் அழற்சி நோயா?

"வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய், வீட்டுச் சாப்பாடு மட்டுமே சாப்பிடும் தம்பிக்கு எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவனுடைய வயதுதான் இதற்கு வழக்கமான வயது. பெரும்பாலும் 15 முதல் 35க்குள் தொடங்கும். ஆண், பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை: பஞ்சாபில் நடந்து 2003இல் வெளியான ஆய்விலேயே லட்சத்துக்கு 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் வகை) இருந்தது.

எனக்கு 26 வயதில் வந்தது. ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து எட்டு மாதம் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன், மடத்தனம். கொலோனோஸ்கோபியில்தான் (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) பிடிபட்டது.

ரிப்போர்ட்டில் 'க்ரோன்ஸ் ஆகவும் இருக்கலாம்' என்று இருக்கிறதல்லவா? க்ரோன்ஸ் இந்த நோயின் இன்னொரு வகை. நம் ஊரில் குடல் காசநோயும் அதைப் போலவே தெரியும். பயாப்ஸியில் (குடல் திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். அப்புறம், அம்மாவின் காரக்குழம்புதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.